விட்டுப்போன நான்கு பக்கங்கள்

கோவை பீளமேட்டில் எங்கள் கல்லூரி விடுதிக்கு எதிரே இருந்த லேத் பட்டறையில் இரும்பு கடையும் டர்னர் அவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் அறைக்கு விளையாட வருவார். ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறிப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. கதையை நடத்துபவன் நான். அவர் எப்போதும் வாள்வீரன். புருவத்தில் இரும்புப் பொறி சுட்ட வடு இருக்கும். பகடையைத் தொடும் முன் ஒவ்வொரு விரலையும் பட்டறையில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியில் அழுத்தித் துடைப்பார்.

ஆட்டம் வளர வளர, மந்திரவாதிகள் ஒரே நெருப்பில் ஒரு படையையே எரித்தார்கள். அவருடைய வீரனுக்கு மட்டும் அதே பழைய ஒரு வெட்டு. பரிதாபப்பட்டு ஒரு மந்திர வாளைக் கொடுத்தேன்.

"கத்திக்குப் பலம் வந்துருச்சுங்க தம்பி. என்ற ஆளுக்கு என்ன வந்துச்சு?" என்றார்.

எங்களிடம் இருந்த விளையாட்டு விதிப்புத்தகம் ஜெராக்ஸ் பிரதி. நடுவில் நான்கு பக்கங்கள் விட்டுப்போயிருந்தன. ஒருநாள் அவருடைய வீரன் குகை வாசலில் சாகக் கிடந்தபோது, பகடையை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு கேட்டார்.

"அந்த நாலு பக்கத்துல வாள்காரனுக்கு ஏதாச்சும் இருக்குமுங்களா?"

"கண்டிப்பா இருக்கும்ண்ணா" என்றேன்.

அதை நம்பி வாராவாரம் வந்தார். மற்றவர்கள் தப்பிக்க வாசலை மறித்து நின்று செத்தார். மறுவாரம் புதிய வீரனோடு வந்து மறுபடியும் நின்றார். மந்திரவாதியாக ஆட ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

படிப்பு முடிந்து வெகுநாள் கழித்து முழுப் புத்தகம் என் கைக்கு வந்தது. அந்த நான்கு பக்கங்களிலும் இருந்தவை இன்னும் சில மந்திரங்கள்.