கிடங்கு வாசலில் நெட்டுப் பொண்ணு

மேசைக்கு அடியில் தவழும்போதுதான் அவளுக்குக் கோபம் ஒழுங்காக வரும். “யாருங்க இது, நெட்டுப் பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிட்டு செல்லுக்குச் சார்ஜ் போட்டது?” என்று அங்கிருந்தே கேட்பாள். நாற்காலிகளுக்குக் கீழே தொங்கும் கால்கள் மெல்ல நகரும்.

கணினிகளை இணைப்பதும் அவற்றுக்குள் இணையத் திருடர் நுழையாமல் காப்பதும் அவள் வேலை. அலுவலகத்துக்கு அவள் ‘நெட்டுப் பொண்ணு’. சுவர்க் கடிகாரம் நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், போவாள், திட்டிக்கொண்டே. பாஸ்வேர்டைத் திரையோரம் ஒட்டிவைத்திருப்பதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். “வீட்டைப் பூட்டிட்டு சாவியை வாசல்லயே மாட்டிட்டுப் போவீங்களா?” கணக்குப் பிரிவு அம்மாள் அந்தச் சீட்டை விசைப்பலகைக்கு அடியில் மாற்றிவைத்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

இருந்த வேலையை விட்டுவிட்டு இதைப் படித்தவள். மாதக் கடைசியில் மேலாளர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் அப்பா, “நான் அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பித்துவிடுவார்.

ஊருக்கு வெளியே இருந்த கம்பெனிக் கிடங்கின் காவலாளியிடம்தான் அவள் தொண்டைத் தண்ணீர் அதிகம் வற்றியது. “கம்ப்யூட்டர் பாக்க வந்த ஐடி ஆளுன்னு சொல்லிக்கிட்டு எவன் வேணா வருவான், அண்ணே. தெரிஞ்ச முகமா இருந்தாலும் கார்டைப் பாருங்க. இல்லன்னா மேனேஜருக்குப் போன் போட்டுக் கேளுங்க.” அவர் “சரிம்மா” என்றார். அவள் கண்ணெதிரிலேயே யாரோ ஒருவன் ஏணியோடு உள்ளே போனான்.

போன வாரம், அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கிடங்கின் கணினிகளுக்குப் புதுக் காவல் போட்டாள்: வெளியிலிருந்து யாரும் நுழையக் கூடாது. பொத்தானைத் தட்டிய பிறகுதான் உறைத்தது, அந்த ‘யாரும்’ என்பதில் தானும் சேர்த்தி என்று. கிடங்கின் இணைப்பு அடியோடு நின்றது. நேரில் போய் அங்குள்ள நெட்டுப் பெட்டியைத் தொட்டால் சின்ன வேலை. லாரிகள் வருவதற்குள், மேலாளர் காதுக்கு எட்டாமல் முடித்துவிடலாம் என்று கிடைத்த வண்டியில் ஏறி ஓடினாள். அவசரத்தில் அடையாள அட்டை மேசைமேலேயே தங்கிவிட்டது.

“கார்டு எங்கம்மா?”

“என்னைத் தெரியாதா அண்ணே உங்களுக்கு?”

“தெரிஞ்ச முகமா இருந்தாலும் விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. மேனேஜரைக் கேக்கணும்.”

இத்தனை நாள் ஏறாதது இவருக்கு இன்றைக்குப் பார்த்தா ஏற வேண்டும்? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போன் போனால் எதற்கு வந்தாய் என்று மேலாளர் கேட்பார், குட்டு உடைந்துவிடும். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை. “சரி, இந்த ஒரு தடவை போங்க” என்று தாழ்ப்பாளில் கை வைத்தார்.

அவ்வளவுதான், அவளுக்குப் பொறுக்கவில்லை. கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?” என்று தன் போனில் மேலாளர் எண்ணைத் தேடி நீட்டினாள். அவர் வாங்கப் போகையில் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தாள்.

“இதுல வேணாம். மேனேஜர்னு சொல்லி நான் யார் நம்பரை வேணா காட்டியிருக்கலாம்” என்றவள், காவல் அறை ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவர் மேசையிலிருந்த தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினாள்.