பேசாத வீட்டுச் சாட்சி

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் ஊற்றும்போதே இதில் தண்ணீர் எவ்வளவு என்று யோசிப்பேன். அதனால் இ-சேவை மையத்துப் பெண் திரையை என் பக்கம் திருப்பி, "ரிஜெக்ட் ஆயிடுச்சுக்கா" என்றபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. யாரோ வேலை காட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

ஏரி மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று எனக்கு இடம் கொடுத்திருந்தது. செலவை அரசாங்க உதவித்தொகை ஏற்றுக்கொள்ளும். ஆனால் குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். தாலுகா ஆபீஸ் தரும் வருமானச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. கடைசித் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சான்றிதழ் கேட்டுப் போட்ட மனுவைத்தான் நிராகரித்திருந்தார்கள். காரணமும் போட்டிருந்தார்கள்: நேரில் விசாரித்ததில் வருமானம் வரம்பைத் தாண்டுகிறதாம்.

எங்கள் வீட்டிலா! அப்பா போன பிறகு நானும் அம்மாவும்தான். அடி அண்ணாமலையில் மழையை நம்பி வேர்க்கடலை போடும் கொஞ்சம் நிலம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டு வாசலில் அம்மா போடும் எலுமிச்சை ஜூஸ் கடை, வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் செங்கம் ரோட்டுக் கஃபே ஒன்றில் எனக்கு பில் போடும் வேலை. இதுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

அம்மாவிடம் சொன்னதும் அவள் யோசிக்கவே இல்லை.

"போன வாரம் ஹெல்மெட்டோட ஒருத்தர் வந்து பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு பேசிக்கினு இருந்தாரு. அவ வாயெல்லாம் பல்லா சிரிச்சிக்கினு நம்ம வீட்டக் கைகாட்டுனா. நான் அப்பவே நெனச்சேன்."

பக்கத்து வீட்டு அத்தையோடு நாங்கள் பேசுவதில்லை. உறவு ஒன்றும் இல்லை, கூப்பிட்டுப் பழகிய முறை அது. அவளும் பௌர்ணமிக்குச் சுண்டல் கடை போடுவாள். எல்லை தாண்டி அடுத்தவர் இடத்தில் கடை போட்டது யார் என்று அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரு பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டத்துக்கு நடுவிலேயே பெரிய சண்டை. அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துணி காயப்போடும் சாக்கில் எங்கள் தோட்டத்தை அவள் எட்டிப் பார்ப்பது, நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்வரை அவள் வாசல் விளக்கு எரிவது, எல்லாமே உளவு. நேராகப் போய்க் கேட்டேன்.

"எங்களப் பத்தி அந்த ஆளுகிட்ட இன்னா சொன்னீங்க?"

கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நல்லதாத்தான் சொன்னேன். நெலம் ஜாஸ்தி, போர்ல தண்ணி வத்தாது, பொண்ணு வெள்ளக்காரங்க கடையில கைநெறைய சம்பளம் வாங்குதுனு சொன்னேன். கம்மியா சொன்னா அவன் திரும்பி வருவானா?"

"எவன்?"

"மாப்ள வீட்டு ஆளுதான். குடும்பம் எப்படி, வருமானம் இன்னானு கேட்டான். வயசுப் பொண்ணு இருக்கிற வீட்டப் பத்தி வேற எதுக்குக் கேப்பாங்க?"

எங்கள் ஊரில் அது எழுதாத சட்டம். ஒரு பெண்ணைப் பற்றி வெளியாள் விசாரித்தால், அந்த வீட்டோடு எவ்வளவு பகை இருந்தாலும் தெரு விட்டுக்கொடுக்காது. ஓட்டு வீடு மாடி வீடாகும், ஒற்றை மாடு பண்ணையாகும். ஹெல்மெட்டோடு வந்தவர் புதிதாக மாற்றலாகி வந்த வருவாய் ஆய்வாளர்; அவருக்கு இது தெரியவில்லை. தான் யார் என்று சொல்லாமல் கேட்டால் உண்மை வரும் என்று நினைத்திருக்கிறார்.

ஆனாலும் அன்று நான் அவளை நம்பவில்லை. "அப்படின்னா ஆபீசுக்கு வந்து உண்மையச் சொல்லுங்க" என்றேன். வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள்.

ஆய்வாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பால்காரரைப் பார்க்கும் அதே பார்வை.

"அன்னிக்கு நீங்களாவே ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு இவங்க கூட்டினு வந்து சொல்றீங்க. நான் எதம்மா நம்பறது?"

"சார், நாங்க ரெண்டு வீடும் பேசிக்கிறதில்ல. ஊர்ல யார வேணும்னாலும் கேளுங்க. பேசாதவ வந்து பரிஞ்சு பொய் சொல்வேனா?"

பிறகு எங்கள் வறுமையை அவர் மேசைமேல் எடுத்து வைத்தாள். வறண்ட போர். அம்மாவின் தோடு போய்க் கவரிங் வந்தது. ஒழுகும் மூலையில் நாங்கள் வைக்கும் அண்டா. கஃபேயில் மிஞ்சும் ரொட்டியை நான் பையில் கொண்டுவருவது. அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை. இதெல்லாம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை சண்டையிலும் இதில் ஒன்றைக்கூட அவள் வெளியே விட்டதில்லை.

மறுபடி விசாரிப்பதாகச் சொல்லி அவர் எங்களை அனுப்பினார். வெளியே வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத பாப்பா. யாரனா பாத்தா நான் சொன்னது பொய்யாயிடும். சர்ட்டிபிகேட் வர்ற வரைக்கும் சண்டையிலயே இருப்போம்" என்றவள், பஸ்ஸில் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சான்றிதழ் வந்தது. விண்ணப்பம் போனது. முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், அம்மா எனக்குத் தெரியாமல் தரகரிடம் என் ஜாதகத்தைக் கொடுத்திருக்கிறாள். ஒரு நல்ல நாளில் நிஜமாகவே மாப்பிள்ளை வீட்டார் வந்து, ஊர் வழக்கப்படி முதலில் பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். அத்தை வறண்ட போரில் ஆரம்பித்து அண்டா வரை சொல்லி முடித்தாள். அவர்கள் எங்கள் படி ஏறாமலேயே திரும்பிப் போனார்கள். அம்மா போட்ட சத்தத்தில் பழைய சண்டை புதிதாகத் தொடங்கியது.

வேலி ஓரமாகப் போய் ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டேன். "ஆபீஸ்காரங்கனு நெனச்சிட்டேன் பாப்பா" என்றாள், ஈரத் துணியை உதறிக்கொண்டே.

வந்தவர்களில் இரண்டு பெண்கள் பட்டுப் புடவையில், தலை நிறையப் பூவோடு இருந்தார்கள். ஒருவர் கையில் ஆப்பிள் பழங்கள் நிறைந்த பை. தாலுகா ஆபீசிலிருந்து யார் அப்படி வருவார்கள்? உதவித்தொகை கிடைத்து, விமானத்துக்குக் கிளம்பிக் கார் ஏறும்போதும் அவளிடம் மறுபடி கேட்டேன்.

"ஆபீஸ்காரங்கனுதான் நெனச்சேன்" என்றாள், கண் இமைக்காமல்.

இன்றுவரை நான் அதை நம்பவில்லை.