அண்ணனைக் கடித்த நாயும் என் பட்டினியும்

அண்ணன் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டான். தாகம் என்று கேட்டதே அவன்தான். தொண்டை இழுத்துக்கொண்டது, எச்சில் வழிந்தது. என் கையாலேயே துடைத்தேன்.

மாமல்லபுரத்தை ஒட்டிய கரையில் கருவாடு போடுவது எங்கள் வேலை. போன மழைக்காலத்தில், கருவாடு காயும் களத்தில் நாங்கள் சோறு போட்டு வளர்த்த நாய் அவன் கையைக் கடித்தது. முள் குத்தினாலும் கத்தி வெட்டினாலும் நாங்கள் மீன் ஊறும் உப்புத் தொட்டியில் கையை முக்குவோம், ஆறிவிடும். அவனும் முக்கினான்.

"உப்புல எந்த விஷம் நிக்கும்? என்னக் கடிச்ச நாய்தான் கருவாடாப் பூடும்" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டு மாதம் கழித்து வெறிநாய்க்கடி நோய் வந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அங்கே டாக்டர் என் விரல்களைப் பார்த்தார். எல்லாம் முள் கீறல். அண்ணன் எச்சில் அதில் பட்டிருக்கும் என்று, சில நாள் விட்டு விட்டுக் கையில் ஊசி போட்டார்.

"எனக்கும் வருமாய்யா?"

"வராம இருக்கத்தான் ஊசி. இது வைரஸ் (கண்ணுக்குத் தெரியாத கிருமி). தனியா பெருக முடியாது. நம்ம உயிரணுக்குள்ள (உடம்பைக் கட்டியிருக்கும் சின்னச் சின்ன அறை) பூந்து, அங்க நமக்கு வேலை செய்யற புரதத்தைத் தனக்கு வேலை வாங்கிக்கும். அத வச்சே தன்ன மாதிரி நெறைய செஞ்சுக்கும்."

"புரதம்னா இன்னாய்யா?"

"மீனு, பருப்பு துன்றியே, அதுலேர்ந்து உடம்பு செஞ்சுக்கறது."

அன்றிலிருந்து நான் சாப்பிடவில்லை.

"ஒரு புள்ளய வாரிக் குடுத்துட்டு நிக்கிறேன். நீ வேற ஏண்டி உயிர வாங்கற? ஒரு வாய் துன்னு" என்று அம்மா அழுதாள்.

"துன்னா அந்தக் கிருமிக்குத்தாம்மா போவும்."

ஊசிக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தேன். நான் சாப்பிடாததை அம்மா சொல்லிவிட்டாள். டாக்டர் திட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஊசி அந்தக் கிருமிய அடையாளம்தாம்மா காட்டும். புடிக்கற காவல உன் உடம்புதான் செய்யணும். அந்தக் காவலும் புரதம்தான். பட்டினி கெடந்தா எத வச்சுச் செய்யும்?"

ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா இட்லி ஊட்டினாள். அழுதுகொண்டே தின்றேன்.

நாய் கடித்தால், சோறு போட்டு வளர்த்த நாயானாலும், சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உப்பை நம்பாதீர்கள்.

ஊசி முடிந்துவிட்டது. வரவே வராது என்று டாக்டர் சொல்லவில்லை, மாதங்கள் போகட்டும் என்றார். மீன் படும் காலம், படாத காலம் என்றுதான் முன்பெல்லாம் எங்களுக்குக் கணக்கு. இப்போது ஒரு வேளைச் சோற்றிலிருந்து அடுத்த வேளை வரைதான் எனக்குக் காலம்.

"பசிக்குதாடி?" என்று அம்மா கேட்கிறாள். பசிப்பது எனக்கா, அதற்கா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன். யோசித்துவிட்டுத் தட்டை நீட்டுகிறேன்.