நெட்டுக்கு ஏறிய ரோஜா

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் மாமாவின் மானத்தைக் காப்பாற்றினேன். அவர் இன்றுவரை அதற்கு ஒரு நன்றி சொன்னதில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வேளாண்மைக் கல்லூரி விடுதியிலிருந்து சனிக்கிழமைதோறும் அழுக்குத் துணிமூட்டையோடு பாளையங்கோட்டைக்கு வந்துவிடுவார். ஒரு சனிக்கிழமை மூட்டையோடு ஒரு ரோஜாச் செடியும் வந்தது.

“சாதா ரோஜா இல்ல அத்தான், கொடி ரோஜா,” என்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தார். ஏதோ ஒரு குத்துச்செடி ரோஜா ஒருநாள் புத்தி மாறி நெடுநெடுவென்று ஒரு கிளையை விட்டதாம். யாரோ அதை வெட்டி ஒட்டுக்கட்ட, அதன் வம்சமே சுவரேற ஆரம்பித்துவிட்டதாம். சீன ரோஜாவின் ரத்தமும் கலந்திருப்பதால் ஒருமுறை பூத்து ஓயாது, விட்டு விட்டுப் பூத்துக்கொண்டே இருக்குமாம்.

“மொதல்ல ஒண்ணு பூக்கட்டும் மாப்ளே,” என்றார் அப்பா.

மாமா தாமிரபரணி வண்டலைச் சைக்கிளில் சாக்கு சாக்காகக் கொண்டுவந்து குழியை நிரப்பினார். தேங்காய்நார்க் கயிற்றை மாடி ஜன்னல் வரைக்கும் நெட்டுக்குக் கட்டினார். மாடியில் ஒரு வாத்தியார் குடும்பம் குடியிருந்தது. டைப் கிளாஸ் போய்க்கொண்டிருந்த அவர் மகள்தான் மேலிருந்து கயிற்றை வாங்கி ஜன்னல் கம்பியில் முடிந்தாள்.

ஒரு வருஷத்தில் செடி மாடியைத் தொட்டது. கீழே நின்று பார்த்தால் முள்ளும் இலையும்தான்.

“ஏலே மாப்ளே, ஒன் சீனாக்காரன் எப்பம்லே பூப்பான்?” என்பார் அப்பா. “ஆடி பொறக்கட்டும். வெட்டிப் போட்டுட்டு அங்கன பொடலை நடுதேன். காயாவது கெடைக்கும்.”

“பூக்கும் அத்தான்,” என்று மாமா சிரித்துக்கொண்டே தோசையை விண்டார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

ஒருநாள் அம்மா கொடுத்த குழம்பை மாடிக்குக் கொண்டுபோனேன். ஜன்னலை ஒட்டி, எங்கள் வீட்டுச் சன்ஷேடுக்கு மேலே, கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நாலு ரோஜா! டைப் கிளாஸ் அக்கா தலையில் ஒன்று. திருட்டைக் கண்டுபிடித்த கையோடு கீழே ஓடிவந்தேன்.

“மாமா! பூக்குது! பூராத்தையும் அந்த அக்கா பறிக்கா!”

“பைய பேசுட்டி,” என்று மாமா என் வாயைப் பொத்தினார். “அத்தான்ட்ட சொல்லிராத, என்ன?”

பூக்கிறதை ஏன் மறைக்க வேண்டும்? பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் விட்டுவிட்டுப் போன நோட்டைப் புரட்டினேன். இங்கிலீஷ் புரியவில்லை, படம் புரிந்தது. ஒரு கொடி நெட்டுக்கு நின்றது, உச்சியில் மட்டும் பூ. இன்னொன்று படுக்கை வசத்தில் வளைத்துக் கட்டியிருந்தது, கணுவுக்குக் கணு பூ. அதன் அடியில் மாமாவே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார். பாவம், படித்ததை மறந்துவிட்டார்!

கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டேன். நீளக் கொடிகளை எல்லாம் அவிழ்த்து, ஒடியாமல் வளைத்து, காம்பவுண்டுச் சுவரோடு படுக்கப்போட்டுக் கட்டினேன். முழங்கையெல்லாம் முள் கிழித்தது. மேலே ஜன்னலில் அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்து வந்த சனிக்கிழமைகளில் மாமா பரீட்சை என்று வரவில்லை.

ஆடி பிறந்தது. சாரல் காற்றில் சுவர் முழுக்க ரோஜா. தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் காலூன்றி நின்று பார்த்தார்கள். அந்தச் சனிக்கிழமை அப்பா வாசலுக்கே போய் மாமாவின் தோளைத் தட்டினார்.

“படிச்சவன் படிச்சவன்தாம்லே! நான்தான் அவசரப்பட்டுட்டேன் மாப்ளே.”

மாமா சுவரைப் பார்த்தார். பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கே வெறும் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அக்கா தலையில் பூ இல்லாமல் டைப் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜெயித்த மனுஷன் முகம் அப்படியா இருக்கும்?

“நான்தான் வளைச்சுக் கட்டுனேன்! உங்க நோட்டுல இருந்துச்சு மாமா.”

“நீ பெரிய விஞ்ஞானிட்டி,” என்றார். குரலில் சந்தோஷமே இல்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், இருப்பதிலேயே நீளமான கொடியை அவிழ்த்து, பழையபடி ஜன்னல் கயிற்றில் நெட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மேலிருந்து ஒரு கை கயிற்றைப் பிடித்திருந்தது.

“அப்படிக் கட்டுனா உச்சியில மட்டுந்தான பூக்கும் மாமா?”

“ஆமா,” என்றார், சிரித்துக்கொண்டே.

அந்தக் கல்லூரியில் என்னத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்களோ என்று எனக்கு ஒரே வருத்தமாகிவிட்டது.