மூன்று முறை தோற்றவளின் கணவன்

எல்ஸ்பெத் மேர் மூன்று தேர்தலில் நின்றாள், மூன்றிலும் மண்ணைக் கவ்வினாள். ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்று சொல்கிற கட்சிக்கு அந்தக் காலத்தில் போர்ட்கார்வி என்ற மீன்பிடி ஊரில் வேட்பாளரே கிடைக்க மாட்டார். மீன் பதப்படுத்தும் கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டே அவள்தான் நிற்பாள். கணவன் வாட்டி, கடலுக்குப் போகாத நாட்களில் ஒலிபெருக்கி கட்டிய வேனை ஓட்டுவான்.

"தனி நாடு வந்தா மழை நின்னுடுமா எல்ஸ்பெத்?" என்று துறைமுகத்தில் கிண்டலடிப்பார்கள்.

"நிக்காது. ஆனா நனையும்போது லண்டன்காரனைத் திட்ட முடியாது, நம்மளையே திட்டிக்கணும்."

சிரிப்பார்கள். ஓட்டு மட்டும் போட மாட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் காற்று திசை மாறியது. கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தப் பணமெல்லாம் லண்டனுக்குத்தான் போகும் என்று மீனவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். இந்த முறை அவள் கட்சியில் நிற்பவர் நிச்சயம் ஜெயிப்பார் என்று எதிர்க்கட்சிக்காரனே ஒத்துக்கொண்டான். உடனே எடின்பரோவிலிருந்து ரானல்ட் அர்க்கார்ட் என்ற வக்கீல் வந்து சேர்ந்தார்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, தேவாலயக் கூடத்தில் கட்சியின் உள்ளூர்க் கிளை உறுப்பினர்கள் கூடினார்கள். தலைமை தாங்கிய நெட்டா கவி, எல்ஸ்பெத்தின் பக்கம் குனிந்து, "சீட்டு எழுதிப் போடச் சொல்லட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கு? கையைத் தூக்கட்டும். நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு?"

அந்த ஒரு வார்த்தையை எத்தனை நாள் நினைத்து நினைத்து வெந்தாளோ, பாவி மகள்!

முதலில் அவளுக்கான கைகள் உயர்ந்தன. பிறகு வக்கீலுக்கு. முன்வரிசையில் ஒவ்வொன்றாக உயர்ந்தபோதுகூட அவள் கலங்கவில்லை. கடைசி வரிசையில், கயிறு அறுத்துத் தழும்பேறிய ஒரு கை தயங்கித் தயங்கி மேலே வந்தது. அந்தக் கையை அவளுக்குத் தெரியாதா? காய்ச்சலில் கிடந்தபோது அவள் நெற்றியில் ஈரத்துணி வைத்த கை அது.

ஒரே ஒரு கை வித்தியாசத்தில் வக்கீல் ஜெயித்தார்.

தோற்றவரே எழுந்து, "இதை ஒருமனதான முடிவாக எடுத்துக்கொள்வோம்" என்று சொல்வது அங்கே வழக்கம். எல்ஸ்பெத் எழுந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னாள். கைதட்டினார்கள். அவள் நேராக வெளியே போனாள்.

மழையில், வேனுக்குப் பக்கத்தில் வாட்டி நின்றிருந்தான்.

"ஏன் வாட்டி?"

"நீ நாலாவது தடவையும் தோத்துட்டா..."

"பொய் சொல்லாதே. இந்தத் தடவை ஜெயிப்போம்னு துறைமுகத்து நாய்க்குக்கூடத் தெரியும்."

அவன் தொப்பியைக் கழற்றிப் பிசைந்தான்.

"அதான் எல்சி. ஜெயிச்சா லண்டன் போயிடுவே. நான் கடல்லேர்ந்து வந்தா வீடு பூட்டிக் கிடக்கும். அதை என்னால தாங்க முடியாது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருடம் வேன் ஓட்டினானே, சுவரொட்டி ஒட்டினானே, அத்தனையும் அவள் தோற்பாள் என்ற நம்பிக்கையில்தான். கட்சியின் தோல்வியை வைத்துத்தான் அவன் குடும்பம் நடத்தியிருக்கிறான்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் யோசிச்சிருப்பேனே!"

"சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?"

அவள் திரும்பிக் கூடத்துக்குள் நடந்தாள். தேநீர்க் கோப்பையோடு நின்ற வக்கீல் அவளைப் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

"திருமதி மேர், உங்க மனசு எனக்குப் புரியுது..."

"புரியாது, விடுங்க. இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுக் கதவும் எனக்குத் திறக்கும். உங்களை ஜெயிக்க வைக்கிறேன். ஜெயிச்சதும் நாடாளுமன்ற ஆபீஸ்ல உங்களுக்கு ஒரு ஆள் வேணும் இல்லையா?"

"வேணும்தான். யாராவது..."

"நான் வரேன்."

வாசலில் நனைந்தபடி வாட்டி நின்றிருந்தான். அவன் காதில் விழவேண்டும் என்றே இன்னொரு முறை, உரக்கச் சொன்னாள்.

"லண்டனுக்கு நான் வரேன்."