ஐசியூ வாசல் வாஷ்பேசின்

பித்தப்பை ஆபரேஷன் முடிந்து ஐசியூவில் இருந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததும் என் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. தில்லை நகர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பேன், உட்காருவேன், மறுபடி எழுந்து நடப்பேன். புத்தூரில் ஒரு லேபில் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. விஷயம் தெரிந்தவளுக்குப் பயம் இரட்டிப்பு.

அம்மாவின் ரத்தத்தில் வளர்ந்த கிருமிக்கு ரிப்போர்ட் வந்தது. மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக ‘ஆர்’. அந்த மருந்துக்கெல்லாம் இது மசியாது என்று அர்த்தம். மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் கிட்னியைப் பதம் பார்க்கக்கூடியது. அம்மாவோ, “ஆத்துக்கு எப்போ போலாம்டி?” என்று ஸ்ரீரங்கத்து வீட்டு நினைப்பிலேயே இருந்தாள். எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எரிச்சலை மற்றவர்கள் மேல் கொட்டினேன். முக்கியமாக, அடுத்த கட்டில்காரரின் மனைவி மேல். மருங்காபுரியிலிருந்து வருகிறவள், பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு உள்ளே போய்ப் புருஷனின் நெற்றியைத் தடவுவாள். “கையைக் கழுவாம யாரையும் தொடாதீங்க! எங்கம்மா ஏற்கெனவே உசுருக்குப் போராடிட்டு இருக்காங்க” என்று ஒருநாள் சத்தமே போட்டுவிட்டேன். வாசலில் இருந்த வாஷ்பேசினுக்குக் கூட்டிப்போய் விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அதன்பின் என் தலையைக் கண்டாலே முழங்கைவரை கழுவுவாள்.

கிருமி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரிய டாக்டரை நச்சரித்து, ஐசியூவில் பல இடங்களில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பவைத்தேன். கிருமிக்கும் குலம் கோத்திரம் உண்டு. ஒரே வம்சமா, வேறு வேறா என்பது அதில் தெரிந்துவிடும்.

அதன் முடிவு வருவதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. கிட்னியும் தாங்கிக்கொண்டது. ஆனால் அடுத்த கட்டிலில் காய்ச்சல் ஏறியது. அவருடைய ரத்தமும் ஒப்பிடப் போனது.

முடிவு வந்தபோது மூன்றும் ஒரே வம்சம் என்றார்கள். அம்மா, அடுத்த கட்டில்காரர், வாசல் வாஷ்பேசினில் தண்ணீர் இறங்கும் ஓட்டை. “தண்ணி விழுந்து தெறிக்கிறப்ப கையில ஏறியிருக்கும்” என்றார் டாக்டர். நானும் நாள் தவறாமல் அங்கேதான் கழுவிவிட்டு அம்மாவைத் தொட்டேன்.

அதற்குள் வாஷ்பேசினைப் பிளாஸ்டிக் சுற்றி மூடிவிட்டார்கள். அடுத்த கட்டில்காரரின் மனைவி என்னைத் தேடி வந்தாள். “படிச்சவங்க நீங்க, சொல்லுங்க. இவருக்கு எப்படிங்க வந்துச்சு?”

மழுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. “நான் உங்களைக் கழுவச் சொன்னேனே, அங்கேர்ந்துதாங்க.”

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள்.

“அப்ப இனிமே எதுலங்க கழுவணும்? சொல்லுங்க, அவரைப் பார்க்கப் போகணும்.”