அமலாவின் விருப்பப் படிவம்

மராத்தி பேசும் ஊரான தாபோடியில் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் பாமா கணக்கு டீச்சர். 1998இல் அங்கே பத்தாம் வகுப்பு எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் தோற்றுப்போனார்கள். இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் பாமாவிடம் பதில் இல்லை.

மறு வருஷம் தலைமையாசிரியை ஒன்பதாம் வகுப்பை மூன்று பிரிவாக்கினார்: இயந்திரம், கம்ப்யூட்டர், மருத்துவ உதவி. பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான், சொல்லிக்கொடுக்கும் விதம் மட்டும் அந்தந்தத் தொழிலை ஒட்டியது. இயந்திரப் பிரிவு இரும்புத் துண்டுகளை அளந்து தசமம் படிக்கும். மருத்துவப் பிரிவு மருந்துக் கரைசலை வைத்துச் சதவிகிதம் படிக்கும். பொறுப்பாளர் பாமா. எந்தப் பிரிவு வேண்டும் என்று பிள்ளைகள் படிவத்தில் எழுதி, அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

அமலா 'இயந்திரம்' என்று எழுதியிருந்தாள். அவள் அப்பா சுந்தரமூர்த்தி கடைசல் இயந்திரம் ஓட்டுபவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் வாசலில் உட்கார்ந்து ஸ்கூட்டரைப் பிரித்து மாட்டுவது அந்தத் தெருவே அறிந்த காட்சி.

மருத்துவப் பிரிவில் இருபது பேர் சேர்ந்தால்தான் பயிற்சி தருவோம் என்று ஆஸ்பத்திரி சொல்லியிருந்தது. பத்தொன்பது பேர்தான் தேறினார்கள். இயந்திரப் பிரிவிலோ அமலா ஒருத்திதான் பெண். பாமா வெள்ளை மையால் அவள் எழுதியதை அழித்துவிட்டு 'மருத்துவம்' என்று எழுதினார். பட்டியலைப் பார்த்துவிட்டு அமலா ஓடி வந்தாள்.

"உங்க அப்பாதான் இது நல்லதுன்னு சொன்னார்ம்மா," என்றார் பாமா. யோசித்துச் சொன்னதல்ல. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது.

மறுநாள் சுந்தரமூர்த்தி ஷிப்ட் முடிந்த கையோடு பள்ளிக்கு வந்தார். பட்டியல் ஆபீசுக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்று பாமா சொன்னதும் அவர் வாதாடவில்லை.

"சரிங்க டீச்சர். ஆனா நான் சொல்லலன்னு புள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. டீச்சர் பொய் சொல்வாங்களான்னு என்னையே கேக்குது."

சொல்கிறேன் என்றார் பாமா. முதல் வாரம் சொல்ல நா எழவில்லை. பிறகு, அமலா புதுப் பிரிவில் நன்றாகத்தானே படிக்கிறாள், எதற்குக் கிளற வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆனால் வழியில் சுந்தரமூர்த்தியைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

திட்டம் பலித்தது. அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு எழுதியபோது நூற்றுக்கு எண்பது பேர் தேறினார்கள். பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வந்து பார்த்தார்கள். மேடையில் பாமாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். அன்றைக்கு முதல் வரிசையில் மருத்துவப் பிரிவுப் பிள்ளைகள் இருபது பேரும் உட்கார்ந்து கைதட்டினார்கள். பாமாவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

2008இல் பழைய மாணவர்களை அழைத்தபோது அமலாவும் வந்தாள். ஊரின் மறுகோடியில், வானவடியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. தோழிகளோடு அங்கேயே தங்கியிருந்தாள். டீச்சர்கள் அறையில் பாமா தயங்கித் தயங்கி அப்பாவைப் பற்றிக் கேட்டார்.

"இருக்கார். நான் அம்மாகிட்டதான் பேசுவேன் டீச்சர். வேலை ஓகேதான். மத்லப்... அதாவது, பிடிக்காம இல்ல. ஆனா என் கையில் ஸ்பேனர் குடுத்து சொல்லிக்கொடுத்தவரே அப்படிப் பண்ணிட்டாரேன்னு..." அதற்கு மேல் தமிழில் சொல்லத் தெரியாமல் அவள் தோளைக் குலுக்கினாள்.

ஒன்பது வருஷம். பாமா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவர் சொல்லலை அமலா. படிவத்தை மாத்தினது நான். பழியையும் அவர் தலையில போட்டேன். உங்கிட்ட உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நான் சொல்லலை."

"அப்பாவும் அன்னைக்கே அதான் சொன்னார்," என்றாள் அமலா. "நான்தான் உங்கள நம்பினேன்." முன்னாலிருந்த டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பாமா சுந்தரமூர்த்தியின் வீட்டுக்குப் போனார். வழி நெடுக ஒத்திகை பார்த்த வார்த்தைகள் வாசலில் வரவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஓய்வு பெற்றுவிட்ட சுந்தரமூர்த்தி நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"புதன்கிழமை புள்ள வந்துச்சு. ரொம்ப அழுதுச்சு," என்றார். "போன் பண்றேன்னு சொல்லியிருக்கு."

பிறகு பாமாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "ஏன் டீச்சர், அன்னைக்கே சொல்லியிருந்தா உங்கள யாரு என்ன பண்ணியிருக்கப் போறாங்க?"

சுந்தரமூர்த்தியின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாமா அதைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்.